சாவியை அணைத்த பிறகு

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தாயிற்று. என் நிம்மதியும் அத்தோடு முடிந்தது. மூணாம் நம்பர் வண்டி நின்ற இடத்திலேயே நின்று பேட்டரி இறங்கிக் கிடந்தது. தள்ளித்தான் கிளப்பினோம். சித்தரேவிலிருந்து பெரும்பாறைக்கு மலை ஏறி, எஸ்டேட் பிள்ளைகள் முப்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு இறங்குவதற்குள் வண்டிக்குள் ஒரே புகை.

எஞ்சின் பெட்டி என் இடது முட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மூடி இடுக்கு வழியாகத்தான் வருகிறது. இது சைலன்சர் புகை இல்லை, எஞ்சின் வயிற்றுக்குள் சேருகிற ஆவி. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோனால் மேலே வெடிக்கிற காற்றில் கொஞ்சம் கீழே ஆயில் கிடக்கும் சேம்பருக்குள் இறங்கிவிடும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு, பிரீதர் என்போம். நல்ல எஞ்சின் அதன் வழியாக லேசாக மூச்சுவிடும். நம்ம மகாராணி பீடி குடிக்கிறாள்.

வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அட்டெண்டர் ஜெயக்கொடி பெரும்பாறைக்காரி. அவள் மகள் தர்ஷிகா இதே பள்ளியில் நாலாவது. அந்தப் பிள்ளைக்கு வீசிங். பாதி மலை இறங்குவதற்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மடியில் போட்டு வாயில் பம்ப் அடித்தாள். "சன்னலைத் தெறந்தா குளுரு, மூடுனா பொக. எம் புள்ளைய நான் என்னண்ணே செய்ய?" என்றாள். "நான் டிரைவர் வேலைக்கு வந்தேனா, டாக்டர் வேலைக்கு வந்தேனா?" என்று எரிந்து விழுந்தேன். சொல்லிவிட்டு மனசு கேட்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மெக்கானிக் சிக்கந்தர் பாய் வந்து பார்த்தார். "ரிங்கு போச்சுண்ணே. எஞ்சினை எறக்கித்தான் ஆகணும். பத்து நாளு வண்டி ஓடாது."

பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டெண்டிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மே லீவுல பார்த்துக்கலாம் அழகுமலை. அதுவரைக்கும் ஏதாவது பண்ணுங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் தினமும் வந்து புகை புகைன்னு நின்னார். அனுப்பிட்டோம்."

ஐம்பத்தாறு வயதில் வேறு எவன் எனக்கு ஸ்டியரிங்கைக் கொடுப்பான்?

அக்டோபர் 9, புதன்

பிரீதரோடு நீள ஹோஸ் ஒன்றைச் சேர்த்து வண்டிக்கு அடியில் விட்டேன். பள்ளி வாசலில் புதிதாகப் பதித்த கல்லில் எல்லாம் ஆயில் சொட்டிவிட்டது. வாட்ச்மேனிலிருந்து கரஸ்பாண்டெண்ட் வரைக்கும் வரிசையாகத் திட்டு. புகையும் தளத்து ஓட்டை வழியாகத் திரும்ப மேலேதான் வருகிறது. எழவு, இதற்கு அதுவே தேவலை.

அக்டோபர் 10, வியாழன்

சின்ன வேலை ஒன்று செய்தேன். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போவுக்குப் போகிற ரப்பர் பைப்பில் ஓட்டை போட்டு, பிரீதர் குழாயை அதில் சொருகி கிளிப் மாட்டினேன். டர்போ உறிஞ்சுகிற வேகத்துக்குப் புகை அத்தனையும் உள்ளே போய் எரிந்துவிடும். வெளியே ஒரு பொட்டு வராது. புதிதாக வருகிற வண்டிகளில் கம்பெனிக்காரனே அப்படித்தான் வைக்கிறான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாயிடம் இதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மூன்று வண்டியையும் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டினோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மூணாம் நம்பர் நகர்ந்தபோது எல்லாரையும்விட நான்தான் பலமாகக் கும்பிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

புகை இல்லை. வாசமே இல்லை. தர்ஷிகா மேலிருந்து கீழ் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது. இறங்கும்போது ஜெயக்கொடி ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை என் சீட்டில் வைத்தாள். "நீங்க நல்லா இருக்கணும்ணே. ஒரு தடவகூட பம்ப எடுக்கல."

கரஸ்பாண்டெண்ட் பிரேயரில் என் பெயரைச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் கை தட்டினார்கள். எனக்கு யாரும் கை தட்டியதில்லை இதுவரை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

சாயங்காலம் ஷெட்டில் நிறுத்திச் சாவியை அணைத்தேன். எஞ்சின் நிற்கவில்லை.

ரெண்டு நொடி. ரெண்டே நொடிதான். அப்புறம் நின்றுவிட்டது. சாவி ஒயரில் ஏதோ கோளாறு.

அக்டோபர் 18, வெள்ளி

சாவி ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.

மூன்று நொடி.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆயில் அளக்கிற கம்பியை எடுத்துப் பார்த்தால் மார்க்குக்குக் கீழே கிடக்கிறது. எங்கேயும் ஒழுகவில்லை. எங்கே போகிறது? ஒரு லிட்டர் ஊற்றினேன். மலைக்கு ஓட்டுகிறவர்கள் யாரும் மார்க்கோடு நிறுத்த மாட்டோம். ஏற்றத்தில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும், மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். அதனால் மலைக்கென்று ஒரு டம்ளர் கூட. தொழில் பழகிய நாளிலிருந்து என் கைக்கு அதுதான் பழக்கம். இன்றும் ஊற்றினேன்.

அக்டோபர் 24, வியாழன்

நாலு நொடி. ஜெயக்கொடிகூடக் கவனித்துவிட்டாள். "ஏண்ணே, சாவிய உருவிட்டீங்க, இன்னும் உறுமுது?" என்றாள். "அதுக்கு உன்னை விட்டுப் பிரிய மனசில்ல" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மத்தியானம் பாய் பட்டறைக்குப் போனேன். ஒட்டன்சத்திரத்தில் என் மச்சான் ஒருவன் இப்படிக் குழாயை டர்போவில் சொருகியிருக்கிறான், சரியா தப்பா என்று கேட்டேன். பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கம்பெனி வண்டில நடுவுல ஒரு டப்பா இருக்கும்ணே. அது எண்ணெயப் பிரிச்சுக் கீழ அனுப்பிட்டு, காத்த மட்டும் மேல விடும். டப்பா இல்லாம வெறும் குழாயச் சொருகுனா டர்போ எண்ணெயக் குடிக்கும். ருசி கண்டுருச்சுன்னா அப்புறம் டீசலே வேணாம் அதுக்கு. சாவிய அணைச்சாலும் நிக்காது. தன் ஆயிலத் தானே குடிச்சுக்கிட்டு, வேகம் ஏறிக்கிட்டே போகும். ஆயில் தீரணும், இல்ல எஞ்சின் வெடிக்கணும். மச்சான்கிட்ட இன்னைக்கே கழட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் பாய்" என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மச்சான் என்று யாரும் எனக்கு ஒட்டன்சத்திரத்தில் இல்லை. ஆனால் ஒட்டன்சத்திரத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இருபத்து மூன்று வயது எனக்கு. லாரி ஷெட்டில் ஒரு எஞ்சின் பிடித்துக்கொண்டது. யாரும் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை, அதுவாகக் கத்தியது. கத்தல் ஏறிக்கொண்டே போனது. அத்தனை பேரும் ஓடினோம். ஓடியவர்களில் நான்தான் முதல். தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு இரும்புத்துண்டு வானத்தில் போனது. திரும்பி வந்து பார்க்கும்போது என் கால்சட்டை நனைந்திருந்தது.

இதை யாருக்கும் சொன்னதில்லை. காந்திமதியைக் கட்டி இருபத்தெட்டு வருஷம், அவளுக்கும் தெரியாது.

இன்றும் நாலு நொடி. குழாயைக் கழற்றவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

டப்பாதானே வேண்டும்? நானே செய்துவிட்டேன். வீட்டு எவர்சில்வர் காபித்தூள் டப்பாவில் ரெண்டு ஓட்டை போட்டு, வெல்டிங் கடையில் ரெண்டு மூக்கு ஒட்டவைத்து, உள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்தேன். புகை நாரில் பட்டு எண்ணெய் கீழே தங்கிவிடும், காற்று மட்டும் மேலே போகும். டப்பா நிறைய நிறையக் காலி செய்தால் போதும். பிரீதருக்கும் டர்போவுக்கும் நடுவில் மாட்டினேன்.

"புது நார் மூணையும் காணோம், காபித்தூள பேப்பர்ல கொட்டி வச்சிருக்கீங்க. என்னதான் நடக்குது இந்த வீட்ல?" என்று காந்திமதி கத்தினாள். பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்கு என்றேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஒரு நொடி! ஒன்றேதான்!

அக்டோபர் 30, புதன்

சாவியை அணைத்தேன், நின்றது. அப்படியே சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டில் ஒரு ராக்கெட் சர்ரென்று ஏறியது. கையில் இருந்த இட்லித் தட்டைப் போட்டுவிட்டேன். "உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள் காந்திமதி.

நவம்பர் 4, திங்கள்

டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு வாரத்துக்குள் முக்கால் டப்பா. மேலே மழை, குளிர். எண்ணெயும் தண்ணீரும் கலந்து மோர் மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. டப்பா இல்லையென்றால் இத்தனையும் டர்போவுக்குள் போயிருக்கும். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் காலி செய்துவிட வேண்டும்.

நவம்பர் 6, புதன்

நேற்று மறுபடி மூன்று நொடி. டப்பா காலியாக இருந்தும் மூன்று. மழையில் புகை கூடிவிட்டது, என் நார் அதற்குப் பத்தவில்லை. போதுமடா சாமி என்று காலையில் குழாயையே உருவிவிட்டு, டர்போ பைப் ஓட்டையைத் துணியால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

ஏழாவது வளைவில் ஜெயக்கொடி அலறினாள். திரும்பிப் பார்த்தால் தர்ஷிகாவின் உதடு நீலம் பாய்ந்து கிடக்கிறது. பம்ப் அடித்தும் கேட்கவில்லை. சித்தரேவு ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை பிடித்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண் திறந்தது. "போன பொக எப்படிண்ணே மறுபடி வந்துச்சு?" என்று ஜெயக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கிளிப் கழண்டுருச்சும்மா. நான் பாக்குறேன்."

மத்தியானமே திரும்பச் சொருகிவிட்டேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நவம்பர் 8, வெள்ளி

தர்ஷிகா நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. காய்ச்சல். ஜெயக்கொடி அவளை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள்.

ஐந்து நொடி.

நவம்பர் 11, திங்கள்

ஆறு. டப்பாவைக் காலி செய்தேன். இனி தினமும் செய்ய வேண்டும்.

காலையில் வண்டி வெறுமையாக மலை ஏறும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறேன். பிடித்துக்கொண்டால் கிளட்சை மிதிக்காதே, கியரிலேயே வைத்துப் பிரேக்கை அழுத்து, பாரத்தில் அமுங்கிவிடும். ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். ஜெயக்கொடியிடம் பின் அவசரக் கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வை என்றேன். "எதுக்குண்ணே?" "ஆர்.டி.ஓ. வருவாரு." வாயைத் திறந்தால் பொய்தான் வருகிறது.

நவம்பர் 13, புதன்

காலையில் ரெண்டு வரி மட்டும். நேற்று குழந்தைகள் தின விழாவுக்கு நாற்காலி, பந்தல் சாமான், மைக் செட் என்று கரஸ்பாண்டெண்ட் என்னைப் போட்டுப் பிழிந்துவிட்டார். இருட்டியபிறகுதான் வீடு. உடம்பெல்லாம் வலி.

மேலே நல்ல மழை என்கிறார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

இடது காலில் முட்டிக்குக் கீழே கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுதிவிடுகிறேன்.

புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால், ஒன்பதாவது வளைவு தாண்டிய ஏற்றம். மூடுபனி. முப்பத்தொரு பிள்ளைகளும் வண்டியில். ரெண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தோம். வளைவில் வண்டி சாய்ந்து திரும்பியதும் எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. அப்புறம் சத்தம் ஏறியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சத்தம் இறங்கவில்லை, ஏறுகிறது. சாவியை அணைத்தேன். ஏறுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோட்டைக் காணோம், வெள்ளையாகப் புகை.

ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. கிளட்சை மிதித்துவிட்டேன். பாரம் விட்டதும் அது போட்ட கத்தல் இருக்கிறதே! முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கத்தல், இப்போது என் முட்டிக்குப் பக்கத்தில்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் அந்த ஏற்றத்தில் நிற்காது. "பின் கதவ தெற! எல்லாத்தையும் எறக்கு!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஜெயக்கொடிக்குக் கேட்டிருக்கிறது. கதவைத் தள்ளித் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினாள்.

ஓட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. வலதுபக்கம் என் கதவு, கையை நீட்டினால் கைப்பிடி. கைப்பிடியைப் பிடித்தும்விட்டேன். ஆனால் காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். பின்னால் பிள்ளைகள். கடவுளே, கடவுளே என்று கதவைப் பிடித்தபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கால் நடுங்கிய நடுக்கம் எனக்குத்தான் தெரியும்.

ஜெயக்கொடி வெளியே எண்ணினாள். முப்பதுதான் இருந்தது. மறுபடி உள்ளே ஏறிப் புகைக்குள் தவழ்ந்துபோய், மூணாவது சீட்டுக்கு அடியிலிருந்து தர்ஷிகாவை இழுத்துக்கொண்டு போனாள். அவள் பெற்ற பிள்ளைதான் விட்டுப்போயிருந்தது. எல்லாரையும் மலைப் பக்கம் ஓட்டிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக் கையைக் காட்டினாள்.

பாரத்தில் அமுங்கட்டும் என்று டாப் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி துள்ளியது, எஞ்சின் நிற்கவில்லை. மறுபடி மிதித்து, மறுபடி விட்டேன். தலையில் அடித்த மாதிரி ஒரு குலுக்கல், நின்றது. அதே நேரம் எஞ்சின் பெட்டி மூடி எகிறி, கொதிக்கிற ஆயில் என் காலில் கொட்டியது.

ஒன்றை எழுதாமல் விட்டேன். முதல் நம்பர் வண்டி டிரைவர் பவுன்ராஜ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபிறகு, பாய் வருவதற்குள், அந்தக் காலோடு நொண்டிப்போய் டப்பாவையும் குழாயையும் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். டப்பா காலியாகத்தான் இருந்தது. அதில் நிறைந்து கிடந்தது மொத்தமும் அந்த வளைவில் ஒரே மடக்காக டர்போவுக்குள் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலி செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திங்கள் காலி செய்ததுதானே, ஒருநாள் தாங்கும் என்று படுத்துவிட்டேன்.

நவம்பர் 16, சனி

கரஸ்பாண்டெண்ட் வீட்டுக்கே வந்து சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கட்டோடு காலை முன்னால் நீட்டச் சொன்னார்கள்.

பாய் தனியாக வந்தார். "எஞ்சினுக்கு வயசாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேண்ணே" என்றார். காபி குடித்தார். எழுந்திருக்கும்போது, "டர்போ பைப்புல ஒரு ஓட்டை இருந்துச்சே, அது எதுக்குண்ணே?" என்று கேட்டார்.

"முன்னாடியே இருந்துச்சு பாய்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஜெயக்கொடி சந்தைக்கு இறங்கியவள் தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பால்கோவா கொண்டுவந்தாள். பிள்ளையை என் காலில் விழச் சொன்னாள். கட்டுப் போட்ட காலை எங்கே இழுப்பது?

"பவுன்ராஜ் அண்ணன் வண்டிதான் இப்ப மலைக்கு வருது. வியாழக்கெழம ஏறுனா அதுலயும் அதே பொக. எனக்கு உசுரே இல்ல. பவுன்ராஜ் அண்ணன், 'பயப்படாதத்தா, ஆயுத பூசைக்கு வண்டி கழுவுறப்ப அழகுமலை அண்ணன் கொழாய மாத்தி விட்டிருந்ததப் பாத்து வச்சிருக்கேன்'னு சொல்லுச்சு. வெள்ளிக்கெழம அதே மாதிரி பண்ணிருச்சு. பொட்டுப் பொக இல்லண்ணே. வீட்ல படுத்துக்கிட்டும் எம் புள்ளையக் காப்பாத்துறீங்க."

ஆயுத பூஜை அன்றைக்கு டப்பாகூடக் கிடையாது, வெறும் குழாய். பவுன்ராஜும் மலைக்கென்று ஒரு டம்ளர் கூட ஊற்றுகிறவன்தான், அந்தக் கூடுதல் ஆயிலும் குழாயில்தான் ஏறும்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தர்ஷிகா என் பக்கத்தில் உட்கார்ந்து சால்வை ஜரிகையை எண்ணிக்கொண்டிருந்தது. "பால்கோவா நல்லா இருக்கு" என்றேன்.

அவர்கள் போனபிறகு பவுன்ராஜுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஒரே தடவைதான் போட்டேன். எடுத்துவிடுவானோ என்று பயம்.

நவம்பர் 18, திங்கள்

கரஸ்பாண்டெண்ட் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வர இன்னும் நேரம் இருக்கிறது.

காலை ஐந்தே முக்காலுக்கு முதல் நம்பர் வண்டி எங்கள் தெருமுனையைத் தாண்டி மலைக்குப் போகிற சத்தம் கேட்டது. ஏறும்போது காலி, இறங்கும்போதுதான் பிள்ளைகள். பவுன்ராஜுக்கு எட்டுத் தடவை போன் போட்டேன். மலைக்குள் போய்விட்டால் டவர் கிடையாது. காந்திமதி எழுந்து வந்து, "யாருக்கு விடிஞ்சும் விடியாம?" என்றாள். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். காபித்தூள் டப்பாவிலிருந்து பள்ளத்தில் எறிந்தது வரைக்கும். கத்துவாள் என்று இருந்தேன். "நேத்து அந்தப் புள்ள இங்கதான உக்காந்திருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளே உதைத்துக் கிளப்பிக் கொடுத்தாள்.

அடிவாரத்தில் காத்திருந்தால் எல்லா வளைவும் தாண்டியல்லவா வந்து சேர்வார்கள்? வன இலாகா செக்போஸ்ட் வரைக்கும் ஏறிவிட்டேன். கட்டுக்குள் கால் தீயாக எரிந்தது. மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். லாரி ஒன்று, மினி பஸ் ஒன்று. கடைசியில் மஞ்சள் வண்டி வந்தது. நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றேன்.

"என்னண்ணே இது, இந்தக் காலோட?" என்று தலையை நீட்டினான் பவுன்ராஜ்.

"மொதல்ல சாவிய அணை பவுனு."

அணைத்தான். எஞ்சின் அந்த நொடியே நின்றுவிட்டது. அரை நொடிகூடக் கூட ஓடவில்லை. அவ்வளவு ஒழுங்காக நின்றது.

சன்னல் எல்லாவற்றிலும் பிள்ளைகள் முகம். "டிரைவர் மாமா! டிரைவர் மாமா!" என்று ஒரே கூச்சல். என்னிடம் காட்ட எதுவுமே இல்லை. என் குழாய் பள்ளத்தில், என் எஞ்சினுக்கு வயசாகிவிட்டதாகப் பாய் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இவன் எஞ்சின் கும்பிடு போட்டு நிற்கிறது. சும்மா பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். அப்புறமாகப் பவுன்ராஜை ஓரமாகக் கூப்பிட்டு, இந்தக் குழாய் சரியில்லை கழற்றிவிடு என்று முடித்துக்கொள்ளலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஜெயக்கொடி இறங்கி ஓடிவந்தாள். "என்னண்ணே, எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க?" என்று என் தோளைத் தாங்கினாள்.

சொன்னேன். அவள் கையை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். குழாய், நொடி, டப்பா, பாய் சொன்னது, நான் காலி செய்யாதது, பள்ளத்தில் எறிந்தது. பவுன்ராஜ் நடுவில் பாய்ந்துவிட்டான். "யோவ், உன்னப் பாத்துத்தானய்யா நானும் பண்ணேன்! எம் புள்ளையும் இதுலதானய்யா வருது! நேத்து சொல்றதுக்கு உன் வாயில என்ன இருந்துச்சு?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். செக்போஸ்ட்காரர் வந்து பிரித்துவிட்டார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"அக்டோபர் பதினேழு."

உதடு அசைய விரல் விட்டு எண்ணினாள். நான் அங்கேயே நின்றேன். "தீவாளிக்கு ரெண்டு நாளு லீவு. காச்சல்ல ரெண்டு நாளு வரல. ஆஸ்பத்திரி போன காலையிலயும் போன வியாழக்கெழமையும் கொழா இல்ல. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "முப்பத்திரெண்டு தடவ. எங்கையாலயே தூக்கி வச்சிருக்கேன்."

பவுன்ராஜ் மூடியைத் திறந்து குழாயை உருவி எறிந்தான். எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டார்கள். ஜெயக்கொடி துண்டைத் தண்ணீரில் நனைத்து மகளின் மூக்கைச் சுற்றிக் கட்டி, எஞ்சினுக்கு எட்டாத கடைசி சீட்டில் சன்னலோரம் உட்காரவைத்தாள். வண்டி கிளம்பியதும் பழைய புகை மெல்ல மூடி இடுக்கில் வந்தது. இன்றைக்கு ஒருநாள் அப்படித்தான் இறங்கியாக வேண்டும். கரஸ்பாண்டெண்டிடம் இந்த நோட்டைக் கொடுத்தபிறகு எந்த வண்டியும் மலை ஏறாது, எஞ்சினை இறக்கும் வரைக்கும். எனக்கு வேலை இருக்காது. அது நான் சம்பாதித்தது.

வண்டி என்னைத் தாண்டும்போது தர்ஷிகா துண்டுக்கு மேலே கண்ணால் சிரித்து, சன்னல் வழியாக எனக்கு டாட்டா காட்டியது. ஜெயக்கொடி அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.